கால் நிற்காத சைக்கிள்



சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அந்த வழியில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு இறக்கம் வந்துவிட்டால் ஒரு நிம்மதி. காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும், பின்சக்கரம் கிர்ரென்ற சத்தத்தோடு தானே ஓடும். இந்த ஓய்வைத் தருவது பிரீவீல். அதைக் கழற்றிவிட்டு, சக்கரம் சுழலும்வரை பெடலும் சேர்ந்தே சுழலும் 'பிக்ஸட் கியர்' மாட்ட ஆசைப்படுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அதை எப்படிச் செய்ய வேண்டும், எப்படிச் செய்யக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

பிரீவீலைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். வெளிவளையத்தின் மேல் செயின் உட்காரும் பற்கள். உட்புறத்தில் சாய்வான ரம்பப் பற்கள். நடுக்கட்டையில் இரண்டு சிறு இரும்பு நாக்குகள் மெல்லிய ஸ்பிரிங்கில் நிமிர்ந்து நிற்கும். முன்னோக்கி மிதித்தால் இவை பல்லில் மாட்டிச் சக்கரத்தை இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் பற்களின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். கிர்ரென்ற சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

நம் பிள்ளைகள் குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழக முடிந்ததே இந்தப் பிரீவீலால்தான். பாருக்கு அடியில் காலை நுழைத்து, அரைச் சுற்று மிதித்து, பெடலைப் பின்னுக்குக் கொண்டுவந்து, மறுபடி அரைச் சுற்று மிதிப்பார்கள். பிக்ஸட் கியரில் அரைப்பெடல் என்பதே கிடையாது. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளில் பெடல் நிற்காமல்தான் சுழன்றது. இன்றும் வெலோட்ரோம் என்னும் சைக்கிள் பந்தய அரங்கில் ஓடும் சைக்கிள்கள் அப்படித்தான். அவற்றில் பிரேக்கே கிடையாது. 2018-இல் ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் என்ற வெலோட்ரோம் பந்தயப் பிரிவில் வெள்ளி வென்ற அந்தமான் வீரர் ஈசோ ஆல்பன் ஓட்டியதும் அத்தகைய சைக்கிள்தான்.

சரி, மாற்றுவது எப்படி? பின் ஹப்பின் வலப்பக்கம் பிரீவீல் மரையில் ஏறியிருக்கும். மிதிக்க மிதிக்க அது இறுகும். பிக்ஸட் பல்சக்கரமும் அதே மரையில் ஏறிவிடும் என்பதால் வேலை எளிதாகத் தோன்றும். ஆபத்து இங்கேதான். வேகத்தைக் குறைக்கக் காலை எதிர்த்து அழுத்தும்போது பல்சக்கரம் கழலும் திசையில் திரும்பும். அதனால் பந்தயச் சைக்கிளுக்கான டிராக் ஹப்பில் சற்றுச் சிறிய இரண்டாவது மரை ஒன்றை இடது மரையாக வெட்டியிருப்பார்கள். அதில் ஒரு லாக் ரிங் ஏறும். பல்சக்கரம் கழலப் பார்த்தால் அந்த ரிங் மேலும் இறுகித் தடுக்கும். உங்கள் உயிரைக் காப்பது அந்த ஒரு வளையம்.

சாதாரண ஹப்பில் இந்த இரண்டாவது மரை இல்லை. சிலர் பெடல் அச்சின் லாக் ரிங்கை எடுத்து இதில் ஏற்றி, பசை போட்டு இறுக்குகிறார்கள். சிலர் பிரீவீலையே வெல்டிங் வைக்கிறார்கள். இரண்டும் தவறு. வெல்டிங் வைத்தாலும் பிரீவீல் ஹப்போடு நிற்பது அதே வலது மரையில்தான். எதிர்த்து அழுத்தினால் மொத்தமாகக் கழலும். டிராக் ஹப் வாங்கி, அதில் ஸ்போக் கோத்து, பெண்டு எடுத்துச் சக்கரம் கட்டுவதே சரியான வழி. ஒரு பக்கம் பிக்ஸட், மறுபக்கம் பிரீவீல் ஏறும் ஹப்பும் கிடைக்கிறது. சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் பிரீவீல் சைக்கிள் ஆகிவிடும்.

முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். செயின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் ஆடலாம். அதற்கு மேல் தொய்ந்தால் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும். பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களில் சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்த நீளக் காடி இருப்பதால் இது சுலபம்.

இப்போது ஒரு கணக்கு. முன்னால் 48 பல், பின்னால் 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 6 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குக் கால் 56 சுற்று சுற்றும். அது சுகமான மிதி. இறக்கத்தில் வேகம் 40-ஐத் தொட்டால் 112 சுற்று. அதற்கு மேல் பெடல்தான் காலைச் சுழற்றும். வளைவில் சாயும்போது பெடலை மேலே நிறுத்தவும் முடியாது. தாழ்ந்த பெடல் தரையில் இடிக்கலாம். வேட்டி நுனியோ புடவைத் தலைப்போ செயினில் சிக்கினால் உடனே காலை நிறுத்த இயலாது. சுழலும் செயினைத் துணியால் துடைக்கப் போய் விரலைப் பறிகொடுக்கவும் நேரும்.

எனவே நேயர்களே, பிக்ஸட் கியர் சமதளத்தில் பழகுவோருக்கு நல்ல ஆசான். ஒரே சீராக மிதிக்கவும், தூரம் பார்த்து வேகத்தை அடக்கவும் அது கற்றுத்தரும். சித்தூர்–திருப்பதி போன்ற மேடு பள்ளச் சாலைக்குப் பிரீவீலே போதும். மாற்றியே தீருவேன் என்றால் இரண்டு பிரேக்கையும் கழற்றாதீர்கள். உங்கள் மெக்கானிக்கிடம், "இந்த ஹப்பில் லாக் ரிங்குக்கு இடது மரை இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அந்தச் சக்கரத்தில் பிக்ஸட் கியர் மாட்ட வேண்டாம்.