தீவுக்கு மகிமை எதனால்?

(பொதுக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



யுத்த காலத்தில் எதிரி பிடித்துக்கொண்ட தீவுகளைத் திரும்பப் பிடிப்பதால் என்ன பிரயோஜனம் என்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். "சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் பட்டாளத்துப் பேச்சு எதற்கு?" என்று சிலர் நினைக்கக்கூடும். மனிதன் கணக்குப் பார்த்து நடந்தால் என்ன ஆகும், கணக்கை விட்டுவிட்டு மானம், மகிமை, தெய்வ அருள் என்பவைகளை நம்பி நடந்தால் என்ன ஆகும் என்பதை யுத்தம் பச்சையாகக் காட்டிவிடுகிறது. ஆகவே இதுவும் நம் மேடைக்கு உரிய விஷயமேயாகும்.

நம் நாட்டில் ஊருக்கு ஊர் ஸ்தல புராணம் உண்டு. இந்த மண்ணை மிதித்தால் மோட்சம், அந்தக் குளத்தில் முழுகினால் பாவம் போகும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சர்க்கார்களும் இதேபோல் நிலத்துக்கு ஸ்தல புராணம் பாடுவதுண்டு. "நம் மண்ணை அந்நியன் மிதித்துவிட்டான், ஒரு பிடி மண்ணையும் விடமாட்டோம்" என்பார்கள். அதன் பலன் என்ன என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறேன்.

அமெரிக்காவின் வடகோடியில் அலாஸ்காவை ஒட்டி அலூஷியன் தீவுகள் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஓயாத மூடுபனியும், குளிரும், சேறுமான இடம். 1942 ஜூனில் ஜப்பானியர் அதிலுள்ள அட்டு, கிஸ்கா என்னும் இரண்டு தீவுகளைப் பிடித்தார்கள். அந்தப் பனியிலும் காற்றிலும் அங்கிருந்து அமெரிக்காவின் மீது பெரும் படை நடத்த அவர்களாலும் முடியவில்லை. ஆனாலும் சொந்த மண்ணில் அந்நியன் இருப்பது அவமானம் என்ற கூச்சல் அமெரிக்காவில் பலமாக இருந்தது. 1943 மே மாதத்தில் அட்டுவைத் திரும்பப் பிடித்தார்கள். அமெரிக்கர் 549 பேர் மாண்டார்கள். ஜப்பானியர் 2,300 பேருக்கு மேல் மாண்டார்கள். உயிரோடு பிடிபட்டவர்கள் 30 பேர்கூட இல்லை.

அடுத்தது கிஸ்கா. 1943 ஆகஸ்டு 15ல் அமெரிக்கரும் கனடாக்காரருமாகச் சுமார் 34,000 பேர் போய் இறங்கினார்கள். போய்ப் பார்த்தால் தீவில் ஒரு ஜப்பானியன்கூட இல்லை! இரண்டு வாரத்துக்கு முன்பே 5,000 பேருக்கு மேல் மூடுபனியில் கப்பலேறிப் போய்விட்டார்கள். அப்படியிருந்தும் வந்தவர்கள் பனியில் ஒருவரை ஒருவர் எதிரி என்று சுட்டுக்கொண்டும், புதைத்து வைத்திருந்த வெடிகளில் சிக்கியும், குளிரில் கால் வெந்தும் 300 பேருக்கு மேல் சேதப்பட்டார்கள். திருடன் போன பிறகு வெறும் வீட்டில் நுழைந்து, இருட்டில் சொந்தத் தம்பியையே திருடன் என்று அடித்த கதைதான் இது.

அப்படியானால் தீவைத் திரும்பப் பிடிப்பதே வீண் வேலையா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்கு உதாரணம் குவாம் தீவு. 1898 முதல் அமெரிக்கா வசம் இருந்த அந்தத் தீவை ஜப்பானியர் 1941 டிசம்பர் 10ல் பிடித்தார்கள். அமெரிக்கர் 1944 ஜூலை 21ல் இறங்கி ஆகஸ்டு 10க்குள் திரும்பப் பிடித்தார்கள். அதே மரியானாத் தீவுக் கூட்டத்தில் ஜப்பானின் ஆட்சியில் இருந்த சைபான், டினியன் என்ற இரண்டையும் அந்தக் கோடையிலேயே பிடித்தார்கள்.

இவற்றுக்கு மகிமை எதனால் வந்தது? மண்ணினாலா? இல்லை, தோழர்களே! தூரத்தினால் வந்தது. அங்கிருந்து டோக்கியோ சுமார் 1,500 மைல். போக வர 3,000 மைல் பறக்கக்கூடிய பி-29 என்ற ஆகாய விமானம் அப்பொழுதுதான் அமெரிக்கரிடம் வந்திருந்தது. அதற்கு முன் அவ்விமானங்களை நம் கரக்பூர்ப் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்கு அனுப்பி, அவற்றுக்கு வேண்டிய பெட்ரோலையும் குண்டையும்கூட விமானத்திலேயே சுமந்து கொண்டுபோய், அங்கிருந்து ஜப்பானின் தென்கோடியை மட்டும் எட்ட முடிந்தது. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர வழியிலேயே பல குடம் குடித்துவிடுகிற வண்டிமாடு மாதிரியான ஏற்பாடு அது. மரியானாத் தீவுகளுக்கோ கப்பல் கப்பலாகப் பெட்ரோல் வந்து இறங்கும். குவாமில் நல்ல துறைமுகமும் இருக்கிறது. 1944 நவம்பர் 24ல் அங்கிருந்து புறப்பட்ட விமானங்கள் டோக்கியோவின் மேல் குண்டு போட்டன.

இதை ஜப்பானிய மந்திரிகளும் அறிவார்கள். சைபான் போனவுடனே, 1944 ஜூலை 18ல் பிரதம மந்திரி டோஜோ ராஜிநாமாச் செய்தார். ஆனால் அறிந்தவர்கள் ஜனங்களிடம் உண்மையைச் சொன்னார்களா? சொல்லவில்லை. சக்கரவர்த்தி சூரிய தேவதையின் வம்சம் என்றும், 1274லும் 1281லும் மங்கோலியரின் கப்பல்களைப் புயல் கவிழ்த்ததே தெய்வக்காற்று என்றும், அந்தத் தெய்வம் மறுபடியும் காக்கும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். புயல் மாரிக்காலத்தில் வரும், வேண்டுதலுக்கு வருமா?

அந்தப் போதனையின் விலையைக் கேளுங்கள். சைபானில் எதிரியிடம் அகப்பட்டால் சித்திரவதை என்று நம்பிய நூற்றுக்கணக்கான குடிஜனங்கள், தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு, மலை முகட்டிலிருந்து கடலில் விழுந்து செத்தார்கள். குவாமில் யோக்கோயி என்ற ஒரு சிப்பாய், பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று படித்த பாடத்தினால், 1972 ஜனவரி வரையில் காட்டில் குழி தோண்டி அதற்குள் வாழ்ந்தார். 1946 ஜனவரி 1ல் சக்கரவர்த்தியே தாம் தெய்வம் அல்ல என்று அறிக்கை விட்டுவிட்டார்! சாமியே தான் சாமியில்லை என்று சொல்லி 26 வருஷம் ஆகியும் பக்தன் குழியை விட்டு வெளியே வரவில்லை. இப்படிப்பட்ட பக்தர்கள் நம் ஊரில் இல்லையா?

இன்னொரு சங்கதி. கணக்குத் தெரிந்தவன் எதை விடுவது என்றும் அறிவான். ரபௌல் என்ற இடத்தில் ஜப்பானியர் சுமார் 1,00,000 பேர் பலத்த அரண் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதை மோதாமல் சுற்றிக் கடந்து போய்விட்டார்கள். கப்பல் போக்குவரத்து அற்றுப்போய், 1945ல் யுத்தம் முடியும் வரையில் அந்தப் பட்டாளம் சிறையில் இருப்பதுபோலவே இருந்தது.

ஆனால் அப்படி விடப்பட்ட தீவில் ஜனங்கள் இருந்தால் அவர்கள் கதி என்ன? நம் அந்தமானைப் பாருங்கள். 1942 மார்ச்சு 23ல் ஜப்பானியர் வந்தார்கள். வெள்ளைக்காரர் சண்டையிட்டு மீட்கவில்லை. ஜப்பான் சரணடைந்த பிறகு 1945 அக்டோபரில்தான் திரும்பி வந்தார்கள். இடையில் 1944 ஜனவரி 30ல் உளவாளிகள் என்று சந்தேகித்து 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். தளபதியின் கணக்கில் அந்தமான் அவசரமில்லாத தீவு. அங்கே இருந்தவனுக்கோ அதுதான் உலகம்.

மீட்கப்பட்டவர்கள் மட்டும் வாழ்ந்தார்களா? அட்டுவின் பூர்வகுடிகள் 40 பேருக்குச் சற்று அதிகம். ஜப்பானியர் அவர்களைக் கைதிகளாகக் கொண்டுபோனார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் அங்கே செத்தார்கள். மிஞ்சியவர்கள் திரும்பி வந்தபோது, எந்த ஊரின் மானத்துக்காக 549 பேர் மாண்டார்களோ அந்த ஊரில் குடியேற அவர்களை அமெரிக்க சர்க்கார் விடவில்லை! மண் திரும்பிற்று, மண்ணுக்கு உடையவன் திரும்பவில்லை. குவாமின் சமோரோ மக்கள் ஜப்பானியரிடம் அடியும் உதையும் பட்டு, முகாம்களில் அடைபட்டுக் கிடந்து, அமெரிக்கரை ஆனந்தத்தோடு வரவேற்றார்கள். அவர்களுடைய வயலும் வீடும் இருந்த இடம் ஏராளமாக விமானத் தளத்துக்கும் கப்பல் தளத்துக்கும் போயிற்று. 1950ல் குடியுரிமை வந்தது. ஆனால் குவாமில் வசிப்பவர்களுக்கு அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க இன்றைக்கும் ஓட்டு இல்லை.

டினியனிலிருந்து 1945 ஆகஸ்டு 6ல் புறப்பட்ட விமானம்தான் ஹிரோஷிமாவின் மேல் அணுகுண்டைப் போட்டது. தூரக் கணக்கை அவ்வளவு துல்லியமாகப் போட்ட மனிதன், கீழே இருந்த குழந்தைகளை எந்தக் கணக்கில் வைத்தான்?

ஆகவே தோழர்களே, நான் சொல்லுவது இதுதான். ஒரு தீவாகட்டும், கோட்டையாகட்டும், கோயிலாகட்டும், அதன் மகிமையைப் பற்றி ஒருவன் பேசினால் இரண்டு கேள்வி கேளுங்கள். இதனால் என்ன பிரயோஜனம்? அந்தப் பிரயோஜனம் யாருக்கு? முதல் கேள்வியைக் கேட்காதவன் கிஸ்காவில் இறங்குவான். இரண்டாவது கேள்வியைக் கேட்காதவன் அட்டுக்காரனை மறந்துவிடுவான். நான் சொன்னேன் என்பதற்காக இதையும் நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் ஒரு பூகோளப் படத்தை விரித்து, தூரத்தை நீங்களே அளந்து பார்த்து, உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.