அளந்து வாங்குவோம்

தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தும் நாங்கள், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்ற ஒரு பழக்கத்தை இன்றும் விடவில்லை. ஒரு விளைவைக் கண்டால் அதன் காரணத்தைத் தேடவேண்டும் என்பதே அது. அண்மையில் கம்போங் மேடானில் குடியிருக்கும் கல்லூரி மாணவர் சிலரோடு அப்படியொரு தேடலில் இறங்கினோம். தேவைக்கு மேல் பொருள் வாங்குகிறோமே, அது ஏன்? வாங்கியபின் என்ன நேர்கிறது?

முதலில் காரணத்தைப் பார்ப்போம். நம்மவர் பலருடைய குடும்பங்கள் தோட்டங்களை விட்டு நகருக்கு வந்தவை. தோட்டத்து மளிகைக் கடையில் பற்றுப் புத்தகம் உண்டு. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் யாவும் அதில் ஏறும்; சம்பள நாளில் கணக்குப் பார்க்கவேண்டும். அந்தக் கடனிலும் சிக்கித் தவித்தவர் உண்டு. ஆனால் பாக்கி மிஞ்சினால் கடைக்காரரே, "இந்த மாதம் போதும்மா" என்று நிறுத்திவிடுவார்.

இன்று அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? கடை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் ஒரு மலிவு விற்பனை, பதினொன்றாம் மாதம் பதினொன்றாம் நாள் இன்னொன்று. "இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்" என்று அழைக்கிறார்கள். தோழன் வாங்கினான், நாமும் வாங்கவேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

இனி விளைவு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். கடன் அட்டையில் 2,000 வெள்ளிக்கு ஒரு கைப்பேசி வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் கட்டவேண்டிய குறைந்த தொகை 5 விழுக்காடு, அதாவது 100 வெள்ளி. ஆண்டு வட்டி 18 விழுக்காடு என்றால், ஒரு மாத வட்டியே 30 வெள்ளி. 100 வெள்ளி கட்டியும் கடன் 70 வெள்ளிதான் குறைகிறது! கைப்பேசி பழசாகிவிடும், கடன் தொடர்ந்து வரும். கடனில் தத்தளிப்போருக்கு இலவசமாக ஆலோசனை கூற, பேங்க் நெகாரா 2006-இல் ஏ.கே.பி.கே. என்ற நிறுவனத்தை அமைத்தது. சிக்கியவர்கள் தயங்காமல் அங்கே செல்லலாம்.

பணம் போவதோடு இது முடிவதில்லை. பொருளும் எங்கேயாவது போய்ச் சேரவேண்டுமே! கிள்ளான் ஆறு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நீளமுடையது. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் எனக் கடந்து கடலில் கலக்கிறது. அதில் மிதந்து வரும் குப்பையை வாரியெடுக்க 2019-இல் கிள்ளானில் ஓர் இயந்திரப் படகையே நிறுத்தவேண்டியதாயிற்று.

வேறொரு செய்தியும் கேளுங்கள். 2018-இல் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியது. உடனே செல்வ நாடுகளின் கழிவு நம் நாட்டை நோக்கித் திரும்பியது. கோல லங்காட்டிலுள்ள ஜெஞ்சாரோம் மக்கள், நெகிழி எரிக்கும் புகையால் இரவில் மூச்சுத் திணறினார்கள். பிறகு அரசு நடவடிக்கை எடுத்தது. 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவு 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக 2020 ஜனவரியில் அறிவித்தது.

அன்று நமக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபம். ஆனால் நாம் ஆற்றில் விடும் குப்பை கீழே கிள்ளானில் வாழ்பவரின் வாசலுக்குத்தானே போகிறது?

இவற்றைப் பேசி முடித்தபின் மாணவர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். வாங்க நினைக்கும் பொருளை ஒரு நோட்டில் எழுதுவது. ஏழு நாள் காத்திருப்பது. அதன் பின்னும் தேவையென்றால், கையிலுள்ள பணத்தில் வாங்குவது. கடைக்காரர் அன்று சொன்ன "போதும்" என்ற சொல்லை இனி அந்த நோட்டு சொல்லும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். வாங்கும்போதே அளந்து வாங்கினால் ஆற்றில் போட மிச்சம் இராது. பெற்றோரே, இந்த மாதமே உங்கள் வீட்டிலும் அப்படியொரு நோட்டைத் தொடங்குங்கள். பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.