வேலையைக் கொடுக்கலாம், பொறுப்பை?



ஆலைகளின் பர்சனல் டிபார்ட்மென்டில் தலை நரைத்தவன் நான். இப்போது எங்கள் வேலையைப் பல இடங்களில் வெளிக் கம்பெனிகள்தான் செய்கின்றன. இது புதுசு இல்லீங்க. அமெரிக்காவில் ஹென்றி டாப் என்பவர் 1949-லேயே பிற நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுக்க ஒரு கம்பெனி தொடங்கினார். அதுதான் இன்றைய ஏ.டி.பி.

இதில் நன்மை உண்டு. ஐம்பது பேர் வேலை செய்கிற பட்டறையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., டி.டி.எஸ். பார்க்கத் தனியாக ஆள் வைத்தால் கட்டுப்படியாகுமா?

ஆனால் ஒன்று. தொழிலாளியிடம் பிடித்த 12 சதவீத பி.எஃப்., முதலாளியின் பங்கோடு அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். கட்டாவிட்டால், "ஏஜென்சிக்காரர் மறந்துட்டார்" என்று முதலாளி தப்பிக்க முடியாது. சட்டம் அவரைத்தான் கேட்கும். தொழிலாளிக்கோ, மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்கப் போகும்போதுதான் விஷயமே தெரியவரும்.

நாளைக்கு மேனேஜர் ஆகப்போகிற தம்பி, தங்கைகளே! ஏஜென்சி அனுப்பும் ரசீதை மாதாமாதம் நீங்களே சரிபாருங்கள். வேலையில் சேர்ந்ததும் உங்கள் யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, பாஸ்புக்கைப் பாருங்கள்.

இன்னொன்று. கணக்கை வெளியே கொடுக்கலாம். "சார், ஒரு கஷ்டம்"னு வருகிறவனுக்கு ஒரு போன் நம்பரைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். உட்காரச் சொல்லிக் கேளுங்கள்.