கணினிகள் ஆமையாய் நகர்ந்தால்

வீட்டுக் குழாயில் தண்ணீர் நூல் போல ஒழுகினால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்து பார்க்கிறோம். அங்கே நன்றாக வந்தால் பழுது நம் வீட்டில். அங்கேயும் வராவிட்டால் பழுது பெரிய குழாயில். அலுவலகக் கணினிகளுக்கும் இதே வழிதான்.

எங்கள் தோட்டப் பள்ளி அலுவலகத்தில் 4 கணினிகள் உள்ளன. அவையும் அச்சுப்பொறியும் வயர்கள் மூலம் சுவிட்ச் என்னும் சிறு பெட்டியில் இணைந்திருக்கின்றன. ஒரு திங்கட்கிழமை காலை, நான்குமே ஆமையாய் நகர்ந்தன. பிள்ளையின் உதவித்தொகைப் பாரத்தை அனுப்ப ஒரு தாய் வந்து காத்திருந்தார். அன்றுதான் கடைசி நாள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர் அவர்.

"கணினிகள் பழசாகிவிட்டன, புதிது வாங்க வேண்டும்" என்றார் ஒருவர். "இணையக் கம்பெனியின் தவறு" என்றார் இன்னொருவர். நாங்களோ மூன்று கேள்விகள் கேட்டோம்.

ஒரு கணினி மட்டுமா, எல்லாமா? எல்லாமே. ஆகவே தனிக் கணினியின் பழுதன்று.

இணையம் மட்டுமா? இல்லை. அதே அறையிலுள்ள அச்சுப்பொறிக்கு அனுப்பிய பக்கமும் வரவில்லை. ஆகவே பழுது உள்ளேதான்.

அண்மையில் என்ன மாறியது? சனிக்கிழமை மேசைகளை நகர்த்திக் கூட்டியிருந்தார்கள்.

சுவிட்ச் பெட்டியைப் பார்த்தோம். விளக்குகளெல்லாம் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஒரு வயரைக் கழற்றியதும் விளக்குகள் அடங்கின. அதன் இரு முனைகளும் அதே பெட்டியில் செருகப்பட்டிருந்தன! தொங்கிய முனையை யாரோ நல்லெண்ணத்தோடு காலியான துளையில் செருகிவிட்டார். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகப் போகும் செய்திகள் அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, மற்றவற்றுக்கு வழியை அடைத்துவிட்டன.

இத்தகைய வளையத்தைத் தடுக்கும் முறையை ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்க அம்மையார் 1985ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்தார். ஆனால், விலை குறைந்த சிறு பெட்டிகள் பலவற்றில் அந்த வசதி இருப்பதில்லை.

ஒரு சென் செலவில்லை. அந்தத் தாயின் பாரம் 11 மணிக்குள் போய்ச் சேர்ந்தது. எந்த வயர் எங்கே போகிறது என்று அன்றே சீட்டு எழுதி ஒட்டினோம்.

நேயர்களே, நாளை உங்கள் பிள்ளைகளும் அலுவலகங்களுக்கு வேலைக்குப் போவார்கள். பழுது வந்தால், 'யார் செய்தது?' என்று கேட்பதற்கு முன் 'எங்கே இருக்கிறது?' என்று தேட இன்றே அவர்களைப் பழக்குங்கள்.