குற்றச்சாட்டும் குற்றம் சாட்டப்பட்டவர் உரிமைகளும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பட்டம் பெற்ற நம் இளைஞன் ஒருவனுடைய பெயர், ஊரில் நடந்த ஒரு சச்சரவில் சேர்க்கப்பட்டுவிட்டால், அவன் படித்த படிப்பும் கிடைக்கவிருந்த வேலையும் ஒரே நாளில் கேள்விக்குறியாகிவிடுகின்றன. வன்கொடுமை குறித்து நாம் புகார் கொடுத்தால், நம்மீதே எதிர்ப்புகார் பதிவாவதையும் கண்டிருக்கிறோம். ஆகையால் சட்ட அறிவும் நமக்குக் கல்வியின் ஒரு பகுதியே ஆகும்.

இந்த மலையில் கணக்கராகப் பணியாற்றிய இரட்டைமலை சீனிவாசன் அவர்களை நாம் அறிவோம். அவர் 1893-ஆம் ஆண்டு சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அதில் வெளியான ஒரு கடிதத்திற்காக 1896-இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நம் தலைவர்களே எதிரிக் கூண்டில் நின்றவர்கள்தாம். அதே பெரியவர் பின்னர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்தார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வட்டமேசை மாநாட்டில் அவருடன் அமர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். கைது செய்யப்பட்டவருக்குரிய பாதுகாப்புகளைத் தனி விதியாக, 1949 செப்டம்பர் 15-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தவர் அவரே. அதுவே இன்று நம் அரசியலமைப்பின் 22-ஆவது விதியாக விளங்குகிறது. இது நமக்கு யாரோ இட்ட பிச்சையன்று. நம்மவர் எழுதி வைத்த உரிமை.

முதலில் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். புகார் என்பது வேறு. முதல் தகவல் அறிக்கை என்பது வேறு. குற்றப்பத்திரிகை என்பது வேறு. தீர்ப்பு என்பது வேறு. முதல் தகவல் அறிக்கை விசாரணையின் தொடக்கமே. விசாரணை முடிந்து காவல்துறை தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. அதன் நகலையும் சாட்சிகளின் வாக்குமூல நகல்களையும் கட்டணமின்றிப் பெற எதிரிக்கு உரிமை உண்டு. ஐயத்திற்கு இடமின்றிக் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. தீர்ப்பு வரும் வரையில் எவரும் குற்றவாளி அல்லர். நம் வாயாலேயே நம் பிள்ளையைக் குற்றவாளி என்று சொல்லிவிடக் கூடாது.

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. பிரிவு எண்கள் மாறியுள்ளன. அடிப்படை உரிமைகள் மாறவில்லை. அவற்றுள் முதன்மையானவற்றைக் கூறுகிறேன்.

கைதுக்கான காரணத்தை அறிய உரிமை உண்டு. அதை எழுத்து வடிவில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படகரும் மலையாளிகளும் கன்னடர்களும் தாயகம் திரும்பிய தமிழர்களும் சேர்ந்து வாழும் இம்மாவட்டத்தில் இதன் பயனை நான் விளக்க வேண்டியதில்லை. கைது குறித்த குறிப்பில் குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குச் செய்தி தெரிவிக்க வேண்டும். 1996-ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்நெறிகள் பின்னர் சட்டமாகவே ஆயின.

கைதான 24 மணி நேரத்திற்குள், பயண நேரம் நீங்கலாக, குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அடிபட்டிருந்தால் அந்நேரத்தில் நடுவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். அப்போது அச்சத்தால் மௌனம் காத்தவர்கள் பின்னர் எவ்வளவு சொன்னாலும் அதன் வலு குறைந்துவிடுகிறது. தக்க காரணமும் நடுவரின் முன் அனுமதியும் இல்லாமல், கதிரவன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்களைக் கைது செய்யக் கூடாது.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்க இயலாது. கைதுக் குறிப்பில் கையெழுத்திடலாம். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திடக் கூடாது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் உள்ளோர் ஆகியோருக்குக் கட்டணமில்லாச் சட்ட உதவி உரியது. உதகை நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்னும் எண்ணிலும் அழைக்கலாம்.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவது நம் தோட்டத்து மக்களை மிகுதியும் வாட்டுகின்ற இடர். அது பிணை.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், குன்னூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு நீதிமன்றம் பிணை வழங்கியது. ஆயினும் அவர் மூன்று வாரங்கள் சிறையிலேயே இருந்தார். சொத்துள்ள இருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. அவருடைய உற்றார் அனைவரும் லயன் வீட்டில் வாழ்பவர்கள். வீடு தோட்டத்தினுடையது, நிலம் தோட்டத்தினுடையது, வீட்டுவரி ரசீது எவர் கையிலும் இல்லை. இறுதியில் அவருடைய தாயார் தம் காதுத் தோட்டை அடகு வைத்து, கூலிக்கு ஜாமீன் நிற்போரைத் தேடிப் போனார். சட்டம் கதவைத் திறந்தது. வறுமை அதை மூடிவிட்டது. அன்று எனக்கும் சட்டம் முழுதாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அத்தோடு அந்தத் தாயின் காதிலேயே இருந்திருக்கும்.

ஏனெனில் 1978-ஆம் ஆண்டிலேயே மோதிராம் என்னும் கொத்தனார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியிருந்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த அவரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளதென்று சொல்லி அவரை ஏற்க மறுத்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அம்மறுப்பைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணைப்பத்திரத்தின் பேரிலேயே விடுவிக்க ஆணையிட்டார். 2023 ஜனவரி 31-ஆம் நாள் ஆணையிலும், உள்ளூர் ஜாமீன்தான் வேண்டுமென நீதிமன்றங்கள் வற்புறுத்தலாகாது எனவும், பிணை கிடைத்து ஏழு நாட்களில் ஒருவர் வெளிவராவிடில் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்குத் தெரிவிக்க வேண்டும் எனவும் உச்ச நீதிமன்றம் கூறியது. நிபந்தனையைத் தளர்த்துமாறு மனுச் செய்யலாம். பிணையில் விடத்தக்க குற்றமாயின், ஒரு வாரத்திற்குள் ஜாமீன் தர இயலாத ஏழையைச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்பது சட்டமே.

விசாரணை 60 நாட்களில், கடுங்குற்றமாயின் 90 நாட்களில், முடிந்து குற்றப்பத்திரிகை வராவிடில் பிணை பெறுவது உரிமை. ஆனால் குற்றப்பத்திரிகை வருமுன் கேட்டுப் பெற வேண்டும். கேளாதவருக்கு அது நழுவிவிடும்.

உரிமையோடு கடமையும் உண்டு. கைதை எதிர்த்துக் கைகலப்பில் இறங்காதீர்கள், தலைமறைவாகாதீர்கள், வாய்தா நாளைத் தவறவிடாதீர்கள். வாய்தாவுக்கு வராதவனால் ஜாமீன் நின்றவர் பணம் இழக்கிறார்; அடுத்த முறை நமக்காக நிற்க எவரும் முன்வரமாட்டார்.

நம் சங்கத்திற்கு என் வேண்டுகோள் ஒன்றே. ஜாமீன் நிற்கக்கூடிய, வீட்டுவரி ரசீதுள்ள நம்மவர் பெயர்ப் பட்டியல் ஒன்று சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் இச்சட்டங்களைக் கற்ற இரண்டு இளைஞர்கள் இருக்கட்டும். கைதுச் செய்தி வந்த இரவே அவர்கள் காவல் நிலையத்திற்குச் சென்று, பணிவாக, ஆனால் அஞ்சாமல், காரணம் கேட்கட்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தறிவைத் தந்த சங்கம், இனி அந்த எழுத்தைக் கொண்டு நம் மக்களைக் காக்கட்டும்.