ஆழியுள் மறைந்த மலைகள்



அனுமன் கடலைக் கடக்கும்போது மைந்நாக மலை நீரைப் பிளந்துகொண்டு எழுந்ததைக் கம்பரின் சுந்தர காண்டத்தில் நாம் பயின்றிருக்கிறோம். ஆகவே, கடலுக்குள் மலை ஒளிந்திருக்கும் என்னும் எண்ணம் தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று. ஆயினும் அத்தகைய மலைகள் எவ்வாறு தோன்றின, எவ்வுயிர்கள் அவற்றில் வாழ்கின்றன என்னும் வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைக்கத் தொடங்கியது சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான்.

கடல்தரையிலிருந்து 1,000 மீட்டருக்குக் குறையாமல் உயர்ந்தும் உச்சி நீருக்குள்ளேயே அமைந்திருப்பதைக் கடலடி மலை என்கிறோம். இவற்றுள் பெரும்பாலானவை எரிமலைகள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றில் பணியாற்றிய நிலவியல் அறிஞர் ஹாரி ஹெஸ், கப்பலின் எதிரொலிமானியைப் பயன்படுத்தி, உச்சியைச் சீவியெடுத்தாற்போன்ற தட்டையான மலைகள் பலவற்றைப் பசிபிக் கடலடியில் கண்டறிந்தார். 1946இல் அவற்றுக்கு ஆர்னால்டு கீயோ என்னும் புவியியலாளரின் பெயரை இட்டார். தமிழில் நாம் 'மேடை மலை' என்றே சொல்லலாம். கேட்டவுடன் வடிவம் மனத்தில் எழும்.

மலையுச்சியை இவ்வாறு தட்டையாக்க வல்லவை அலைகள். அலைகளோ கடலின் மேற்பரப்பில் உள்ளன. அவ்வாறாயின், ஒரு காலத்தில் தீவாக நின்ற மலை ஆழத்திற்குச் சென்றது எவ்வாறு?

இதற்கு விடை தரும் சான்று ஹவாயிலிருந்து வடமேற்காகவும் பின்னர் வடக்காகவும் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடர். இதன் வடபகுதி மலைகளுக்கு 1954இல் ராபர்ட் டீட்ஸ் ஜப்பானியப் பேரரசர்களின் பெயர்களைச் சூட்டினார். மெய்ஜி, நின்தோகு, சுய்கோ என்று இன்றும் அரசர்கள் நீருக்கடியில் அணிவகுத்து நிற்கின்றனர். 1963இல் கனடா நாட்டு அறிஞர் டூசோ வில்சன் இத்தகைய தொடர்களுக்கு விளக்கம் தந்தார். விளக்குச் சுடரின்மேல் ஓர் ஓலையை மெல்ல நகர்த்தினால் அதில் கரும்புள்ளிகள் வரிசையாக விழும் அல்லவா? சுடர் என்பது புவியின் ஆழத்திலிருந்து எழும் வெப்பம். ஓலை என்பது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகரும் பசிபிக் புவித்தட்டு. (சுடரும் முற்றிலும் நிலையாக நிற்கவில்லை என்பது பின்னர் அறியப்பட்டது.) வெப்பத்தைவிட்டு விலகிய எரிமலை அணைகிறது. அதைத் தாங்கும் தட்டு குளிர்ந்து, அடர்ந்து, தாழ்கிறது. அலைகள் உச்சியை அரிக்கின்றன. வெதுவெதுப்பான நீரில் பவளப்பாறை மேலோங்கி வளர்ந்து தீவைச் சிலகாலம் தாங்கிப் பிடிக்கும். ஹவாய்த் தொடரில் கூரே என்னும் பவளத் தீவுக்கு வடக்கே நீர் குளிர்ந்துவிடுவதால் அவ்வளர்ச்சி ஈடுகொடுப்பதில்லை. தீவு மூழ்கி மலையாகிறது. தொடரின் வடகோடியில் உள்ள மெய்ஜி ஏறத்தாழ 8 கோடி ஆண்டு பழமையானது. தென்கோடியில் உள்ள கமாஎஹுவாகனலோவா இன்றும் வளர்ந்துவரும் எரிமலை. அதன் உச்சி நீர்மட்டத்திற்கு ஏறத்தாழ 975 மீட்டர் கீழே உள்ளது.

இனி, அங்கு வாழும் உயிர்கள். ஆழ்கடல் தரையின் பெரும்பகுதி மென்சேறு. பற்றிநிற்கப் பாறை தேடும் உயிர்க்குக் கடலடி மலையே புகலிடம். மலைமேல் மோதும் நீரோட்டம் விரைவு கூடி, சேற்றை அகற்றி, உணவுத் துகள்களைச் சுமந்து வருகிறது. பவளங்களும் கடற்பஞ்சுகளும் அசையாமலிருந்தே அதனை உண்கின்றன. மீன்களுக்கு உணவு வருவது வேறொரு வழியில். நுண்ணுயிர்களும் சிற்றுயிர்களும் இரவில் மேற்பரப்புக்கு ஏறிப் பொழுது புலர்கையில் ஆழத்திற்கு இறங்குவது கடலின் அன்றாட நடப்பு. இரவில் நீரோட்டம் அவற்றை மலைக்கு மேலாகக் கொண்டுவந்துவிட்டால், விடியலில் இறங்க வழியின்றி உச்சியில் சிக்கிக்கொள்ளும். அங்குக் காத்திருக்கும் மீன்களுக்கு நாள்தோறும் விருந்து.

அப்பவளங்களின் அகவை நம்மை வியப்பில் ஆழ்த்துவது. ஹவாய்க்கு அருகே ஆழ்கடலில் எடுக்கப்பட்ட கரும்பவளம் ஒன்றன் அகவை 4,265 ஆண்டு என 2009இல் வெளியான ஆய்வு கணித்தது. சங்கப் பாடல்கள் பாடப்பட்ட காலத்திலேயே அது ஈராயிரம் ஆண்டைக் கடந்திருந்தது. அதன் தண்டு ஓராண்டில் ஒரு தலைமயிரின் பருமன்கூடத் தடிப்பதில்லை.

இவ்விடத்திற்கு மனிதர் வந்தது 1960களில். நவமணிகளுள் ஒன்றாக நாம் போற்றும் பவளத்திற்காக, கல் கட்டிய வலைகள் அரசர் மலைகளின்மேல் இழுக்கப்பட்டன. அப்பத்தாண்டின் இறுதியில் சோவியத், ஜப்பானிய இழுவைக் கப்பல்கள் உச்சிகளில் திரளும் கவசத்தலை மீனைத் தேடி வந்தன. ஏறத்தாழ பத்தாண்டுக்குள் அம்மீன்வளம் சரிந்தது. கனத்த இழுவலை ஒருமுறை கடந்துசென்றால், நூற்றாண்டுகளாக நின்ற பவளக்காடு சில நிமிடங்களில் சிதைகிறது. இதனை மீன்பிடித்தல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கனிக்காகத் தோப்பையே வெட்டுவதற்கே இது ஒப்பு.

எனினும் 2019இல் வெளியான ஆய்வொன்று வேறொன்றையும் காட்டியது. 1977 முதல் அமெரிக்கக் கடலெல்லைக்குள் காக்கப்பட்ட சில மலைகளில், வலை உழுத தடங்கள் இன்னும் அழியாதிருக்க, ஒடிந்த அடித்தண்டுகளிலிருந்து பவளங்கள் மீண்டும் தளிர்த்திருந்தன. எஞ்சிய துண்டுகள் இருந்தமையால்தான் இது கைகூடியது என்பதை மாணவர்கள் கருத வேண்டும்.

ஆனால் அரசர் மலைகளுள் பல எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாதவை. அத்தகைய பெருங்கடற்பரப்பில் காப்பகங்களை அமைக்க வழிசெய்யும் உடன்படிக்கை 2023 ஜூனில் ஐக்கிய நாட்டு அவையில் ஏற்கப்பட்டது. அப்பேச்சுகளுக்குத் தலைமை தாங்கியவர் சிங்கப்பூரைச் சேர்ந்த ரெனா லீ. மீன்பிடி விதிகளோ இன்னும் அந்தந்த வட்டார மீன்வள அமைப்புகளின் கையில்தான் உள்ளன. இழுவலை எந்த மலைமேல் இறங்கலாம், எதன்மேல் இறங்கலாகாது என்னும் வழக்கு அவ்வமைப்புகளின் கூட்டங்களில் ஆண்டுதோறும் நடந்துவருகிறது.