ஹீலியம் நிற்கும் இடம்



தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணையைப் பற்றிக் குத்துக்கல்வலசையிலும் தென்காசியிலும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஐயா, வெளிக்கூட்டில் இரண்டு எலெக்ட்ரான்களை உடைய பெரிலியமும் கால்சியமும் 2ஆம் தொகுதியில் இருக்கின்றன. ஹீலியத்திற்கும் இரண்டே எலெக்ட்ரான்கள். அது மட்டும் ஏன் 18ஆம் தொகுதியில் நிற்கிறது?" என்பர். நல்ல வினா.

தொகுதி என்பது அட்டவணையில் மேலிருந்து கீழாகச் செல்லும் நிரல். ஒரே தொகுதியில் உள்ளவை இயல்பால் உறவினர். சோடியமும் பொட்டாசியமும் 1ஆம் தொகுதி. வெளிக்கூட்டிலுள்ள ஓர் எலெக்ட்ரானை எளிதில் கொடுத்துவிடும். குளோரினும் புரோமினும் 17ஆம் தொகுதி. நிறைவதற்கு ஓர் எலெக்ட்ரான் குறைவாதலின் அதனைக் கொள்ள விழையும். தூத்துக்குடி உப்பளங்களில் குவியும் உப்பு, இவ்வாறு கொடுக்கும் சோடியமும் கொள்ளும் குளோரினும் சேர்ந்த சேர்க்கையே.

ஹீலியத்தின் வரலாற்றில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரிலிருந்து, பிரெஞ்சு வானநூலார் ஜான்சன் சூரியனின் விளிம்பில் எழும் சுவாலைகளின் ஒளியை நிறமாலைமானி கொண்டு ஆய்ந்தார். அவ்வாண்டே இங்கிலாந்தில் லாக்யர் ஆய்ந்த மஞ்சள் கோடு, சோடியத்தின் கோடுகளோடு பொருந்தவில்லை. அக்கோட்டிற்குரிய புதுத் தனிமம், கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ஹீலியம் எனப் பெயர் பெற்றது.

1869இல் மெண்டலீவ் வகுத்த அட்டவணையில் அதற்கு இடமில்லை. 1895இல் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். முந்திய ஆண்டு கண்ட ஆர்கானைப் போலவே அதுவும் எதனோடும் எளிதில் கூடவில்லை. 1898இல் நியான், கிரிப்டான், செனான் ஆகியவையும் கிடைக்கவே, அட்டவணையில் புதிய நிரல் ஒன்று சேர்க்கப்பட்டது. உண்மை வந்தபோது அட்டவணை விரிந்து இடங்கொடுத்தது.

இனி, வினாவிற்கு விடை காண்போம். இருவர் அமரும் பலகையில் இருவர் அமர்ந்தால் அது நிறைந்துவிடும். எண்மர் அமரும் பலகையில் இருவர் அமர்ந்தால் நிறையாது. ஹீலியத்தின் ஒரே கூடு இரண்டு எலெக்ட்ரான்களையே கொள்ளும். ஆதலின் அது நிறைந்தது. பெரிலியத்தின் வெளிக்கூடோ எட்டு எலெக்ட்ரான்களைக் கொள்ளவல்லது. அதில் இரண்டே உள்ளன. ஆகவே பெரிலியம் அவற்றைக் கொடுத்துக் கூடும். ஹீலியம் கொடுக்கவும் செய்யாது, கொள்ளவும் செய்யாது. எண்ணிக்கை ஒன்றாயினும் இயல்பு வேறு.

ஆதலின், மாணவர்களே, அட்டவணையை மனனம் செய்வதோடு நில்லாதீர்கள். ஒவ்வொரு தனிமமும் அவ்விடத்தில் நிற்பதற்குரிய காரணத்தை வினவுங்கள். ஒரே எலெக்ட்ரானை உடைய ஹைட்ரஜன் 1ஆம் தொகுதியின் தலையில் நிற்கிறது. ஆனால் நிறைவதற்கும் அதற்கு ஒன்றே குறைவு. அவ்வாறாயின் அது சோடியத்தின் உறவா, குளோரினின் உறவா? நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.